நாலாவது மன்னிப்புக் கடிதம்

டாஃபின், மனிடோபா
மார்ச் 10, திங்கட்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மச்சான் திரு. வாசில் ஹ்ரிட்சக் அவர்களுக்கு,

தங்கள் தங்கை லெஸ்யாவின் கணவன் ஓரெஸ்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். அங்கு யார்க்டனில் தாங்களும், தங்கள் மனைவி ஸ்லாவ்கா அக்காவும், அந்தக் கடிக்கிற நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நமது 'வடக்குச் சக்கரங்கள்' கம்ப்யூட்டர் லாரி கேம் சங்கத்தின் ஏழாம் விதிப்படி, கான்வாயில், அதாவது திரையில் எல்லோரும் வரிசையாக ஓட்டும்போது, ஒருவர் மற்றொருவரின் வண்டியை இடித்தால், இடித்தவர் இடிபட்டவருக்கு ஒரு வாரத்துக்குள் தம் கைப்பட எழுதி, தபாலில் மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். நடந்தது என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு நகல் பாதுகாப்பு அதிகாரி திருமதி டோரீன் அவர்களுக்குப் போக வேண்டும். அந்த வகையில் இது நான் தங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றும் நாலு வரியில் முடிந்தன. இது முடியாது.

'தாங்கள் தாங்கள்'னு எழுத எனக்குக் கை வலிக்குது மச்சான். டோரீன் அம்மா மன்னிக்கட்டும், இனிமே நீதான்.

நேத்து மத்தியானம் அந்தப் பாலத்து மேல நாப்பது லாரி வரிசையா போயிட்டிருக்கு. எனக்கு நேர் முன்னாடி நீ, உன் டிரெய்லர்ல புத்தம்புது பாய்மரப் படகு. நான் ரெண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டு, சட்டம் சொல்ற மாதிரிதான் வந்தேன். கேம் ரேடியோவில நீ "கோல்!"னு ஒரு கத்து கத்தினே. அடுத்த நிமிஷம் உன் படகு என் இன்ஜினுக்குள்ள இருக்கு. ஜனவரியில நெவாடா ரோட்டுல இடிச்சப்போவும் இதே கதை, நீ கோல்னு கத்தினே, நான் வந்து மோதினேன். மலைப்பாதை வளைவுலயும் அப்படித்தான், சுங்கச்சாவடியிலயும் அப்படித்தான். நீ ஹாக்கி கேட்டுக்கிட்டு வண்டி ஓட்டுறது எனக்குத் தெரியும், அது உன் இஷ்டம், அதுல நான் தலையிடல. நீ போட்ட கூச்சல்ல நான் பதறிட்டேன்னு காரணம் சொல்லித் தப்பிக்கவும் போறதில்ல. பின்னாடி வர்றவன் இடிச்சா பின்னாடி வர்றவன் மேலதான் தப்பு. முப்பத்தொரு வருஷம் நிஜ லாரியில உக்காந்து புதுசா வந்த டிரைவருங்களுக்கு நானே ஓதின சட்டம் இது.

அந்த முப்பத்தொரு வருஷத்தைப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் டோரீன் அம்மாவுக்காகச் சொல்றேன். வான்கூவர்லேருந்து ஹாலிஃபாக்ஸ் வரைக்கும், பனி, மழை, குறுக்கே வந்த மான், எல்லாத்தையும் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லாம ஓட்டினவன் நான். 'விபத்தில்லா ஓட்டுநர்'னு கம்பெனி கொடுத்த மரப்பலகை என் கம்ப்யூட்டருக்கு மேல ஆணியில தொங்குது. மூணு வருஷத்துக்கு முன்னாடி பெட்ரோல் பங்குல காபி வாங்கும்போது மயங்கி விழுந்தேன். அவ்வளவுதான், ஒரே ஒரு தடவை. டாக்டர் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டாரு, என் லைசென்ஸ் போச்சு. இப்போ மளிகைக் கடைக்குக்கூட உன் தங்கச்சிதான் ஓட்டிட்டுப் போறா, நான் பக்கத்துல உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிநேரம், அந்த ஸ்டீயரிங்கை மேஜையில மாட்டி, கான்வாயில நுழையும்போதுதான் மச்சான் நான் மறுபடி டிரைவர். ஒரு சீசன்ல நாலு இடி இடிச்சா ஆள் வெளியேன்னு நம்ம சங்கத்துல சட்டம். நேத்தோட நாலு.

இனி நடக்காமலிருக்க என்ன செய்தேன் என்பதை விதிப்படி விளக்குகிறேன்.

மூணாவது தடவை இடிச்சப்போ நீ ரேடியோவில அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி சொன்னே, ஞாபகம் இருக்கா? "மாப்ளே, உன் கம்ப்யூட்டர் பொட்டியில உயிரே இல்ல. நாப்பது லாரியைப் பார்த்தா அது மூச்சு வாங்குது. பிராசஸரை மாத்து. அதுக்குள்ள கோர்னு குட்டி மூளைங்க இருக்கும், அது எத்தனைன்னு பாரு, வேற ஒரு மண்ணையும் பாக்காதே. பதினாறுக்குக் குறைஞ்சு வாங்கினே, என் தங்கச்சியைத் திருப்பி அனுப்பிடு." எனக்கும் நியாயமாத்தான் பட்டுது. ஆறு சக்கர வண்டியைவிட பதினெட்டு சக்கர வண்டி அதிகம் சுமக்கும், இதுல யோசிக்க என்ன இருக்கு? என் பழைய பொட்டியில நாலே கோர். சரின்னு லெஸ்யாவை ஓட்டச் சொல்லி பிராண்டனுக்குப் போனோம். அங்க கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற மரிவிக் அம்மா பிலிப்பினோக்காரங்க, அம்பது வயசிருக்கும், கண்ணாடியைத் தலைமேல தூக்கி விட்டுக்கிட்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "அண்ணே, கேமுக்கு எட்டு கோர் போதும், கேஷ் பெருசா உள்ள பிராசஸரா எடுங்க"ன்னாங்க. அதென்ன கேஷுன்னு கேட்டேன். "ஓட்டும்போது காபி பிளாஸ்க் எங்க இருக்கும்?" சீட்டு பக்கத்துல. "டிரெய்லர்ல வச்சா?" ஒவ்வொரு வாய்க்கும் வண்டியை நிறுத்தி இறங்கணும். "அதேதாண்ணே. ரேம் உங்க டிரெய்லர். கேஷ் சீட்டு பக்கத்து பிளாஸ்க். லாரி கேம் நொடிக்கு நொடி காபி கேக்கும்."

இவ்வளவு தெளிவா சொன்னதுக்கு அப்புறமும் நான் என்ன பண்ணேன்? பதினாறு கோர்தான் வேணும்னு நின்னேன். ஏன்னா நீ சொல்லியிருந்தே. லெஸ்யா பின்னாடியிருந்து என் சட்டையை இழுக்குறா, "ஏங்க, கடைக்காரம்மாவே குறைச்சு வாங்கச் சொல்றாங்க, ஊருல எங்கயாவது இப்படி நடக்குமா, கேளுங்க!" நான் கேக்கல. மரிவிக் அம்மா பெருமூச்சு விட்டு, "ரெண்டு வாரத்துக்குள்ள கொண்டாந்தா மாத்தித் தரேன்"னு பில்லு மேலயே எழுதிக் கொடுத்தாங்க. நான் வருவேன்னு அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

வீட்டுக்கு வந்து பழைய பொட்டியைத் திறந்து, பழைய பிராசஸரைக் கழட்டி, புதுசை வச்சுப் பார்த்தா உக்கார மாட்டேங்குது. திருப்பி வச்சேன், உக்காரல. மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு வச்சேன், உக்காரல. போன் பண்ணா, "அண்ணே, அந்த மதர்போர்டு வேற தலைமுறை, இந்தப் பிராசஸருக்குப் புது போர்டு வேணும்னு பில்லுலயே எழுதியிருக்கேனே"ங்குறாங்க. பில்லை யார் படிச்சா? மறுபடி பிராண்டன். புது மதர்போர்டும் அதை வைக்கப் புதுக் கூடும் வந்துச்சு. அதுல பழைய ரேம் போகல, பட்டையில இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கு. மறுபடி பிராண்டன். மூணாவது தடவை போறப்போ லெஸ்யா வழியில ஒரு வார்த்தை பேசல, அவ பேசாம இருந்தா எனக்குக் கார்ல ஹீட்டர் போட்டாலும் குளிரும். நடுவுல பழைய பொட்டியை மறுபடி பூட்டிக் கீழே நிலவறையில கொண்டுபோய் வச்சேன். "உன்னாலதான்டா எனக்கு இந்தக் கேவலம்"னு அதுகிட்ட ரெண்டு வார்த்தை திட்டிட்டும் வந்தேன்.

ரேம் வாங்குறதுலயும் நான் டிரைவர் மூளையைத்தான் உபயோகிச்சேன். போர்டுல நாலு பள்ளம் இருக்கு. நாலு அச்சு இருக்கிற வண்டியில ரெண்டு அச்சு மேல மட்டும் எவனாவது பாரம் ஏத்துவானா? எடை நிலையத்துல நிறுத்தி வச்சு உரிச்சுடுவான். அதனால நாலு பட்டை ரேம் வாங்கி நாலு பள்ளத்துலயும் சொருகினேன். மரிவிக் அம்மா, "ரெண்டு போதும்ணே, நாலு போட்டா ஓட்டம் குறையும்"னாங்க. நிறைய வச்சா எப்படிக் குறையும்னு நான் சிரிச்சேன். பட்டனை அமுக்கினேன். விசிறி சுத்துது, திரை கறுப்பு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம், கறுப்பு. செத்துப்போச்சுன்னு பிளக்கைப் புடுங்கினேன். கழட்டி மாட்டினேன். மறுபடி கறுப்பு, மறுபடி புடுங்கினேன். இப்படி மூணு தடவை. நாலாவது தடவை புடுங்கப் போறப்போ லெஸ்யா சமையல்கட்டுலேருந்து கரண்டியோட வந்துட்டா. "அதை விடுங்க. இப்போதான் பைரோஹிக் கொழுக்கட்டையைத் தண்ணியில போட்டேன். அத்தனையும் மேல மிதந்து, வடிச்சு, வெங்காயம் வதக்கித் தட்டுல வைக்கிற வரைக்கும் அந்தப் பொட்டி மேல கை வச்சீங்க, உங்களுக்குச் சாப்பாடு கிடையாது." நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். அவ புளிச்ச கிரீமை எடுத்து வைக்கிறா, திரையில வெளிச்சம் வருது! அப்புறம்தான் தெரிஞ்சுது, புது ரேமைப் போட்டா போர்டு முதல் தடவை அதோட பேசிப் பழகுமாம், அதுக்கு நேரம் ஆகுமாம். பாதிப் பேச்சுல நான் மூணு தடவை கழுத்தை நெரிச்சிருக்கேன்.

வெளிச்சம் வந்துச்சு, ஓட்டம் வரலை. திரை மூலையில நொடிக்கு எத்தனை படம் ஓடுதுன்னு ஒரு எண் காட்டுமே, கூட்டத்துக்குள்ள போனா பழசுல முப்பத்தஞ்சு. இதுல எழுபது. இவ்வளவு ஆட்டம் ஆடி எழுபதான்னு எனக்கு ஆத்திரம். மரிவிக் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அண்ணே, ரேமோட அட்டையில ஒரு வேகம் போட்டிருக்கே, அந்த வேகத்துல அது தானா ஓடாது. போர்டு செட்டிங்குக்குள்ள போய் ஒரு இடத்துல 'ஆன்' பண்ணணும். பண்ணீங்களா?" இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இருக்கே! புது லாரி வாங்கி, கியர் நாலுக்கு மேல போகாம பூட்டு போட்டு, சாவியை டிக்கியில வச்சு அனுப்புவாங்களா? சரி, ஆன் பண்ணேன். பொட்டி கிளம்பவே மாட்டேங்குது. "நாலு பட்டையும் சேர்ந்து அந்த வேகத்துக்கு வராதுண்ணே. ரெண்டைக் கழட்டுங்க. ரெண்டாவது பள்ளத்துல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு." முதல் பள்ளமும் மூணாவதும்? "காலி." முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். ரொம்ப மரியாதையா, "சொன்னேண்ணே"ன்னாங்க.

ரெண்டைக் கழட்டினேன். எண் தொண்ணூறு ஆச்சு. ரேமைக் குறைச்சா ஓட்டம் கூடுது! அன்னிக்கே மனசு விட்டுப் போய், பதினாறு கோரைப் பஞ்சுல சுத்தி எடுத்துக்கிட்டு நாலாவது தடவையா பிராண்டனுக்குப் போனேன். மரிவிக் அம்மா எட்டு கோர், பெரிய கேஷ் பிராசஸரை ஏற்கெனவே மேஜை மேல எடுத்து வச்சிருந்தாங்க, என் பேரை எழுதி ஒட்டி. மேல மிஞ்சின ரெண்டு ரேமையும் வாங்கிக்கிட்டாங்க. லெஸ்யா அவங்களுக்கு ஒரு டப்பா நிறைய, முட்டைகோஸ் இலையில சோறு சுத்தின ஹோலுப்ச்சி கொடுத்தா, ரெண்டு பேரும் என்னைப் பார்த்துக்கிட்டே ஏதோ பேசிச் சிரிச்சாங்க. என்னன்னு நான் கேக்கல.

இப்போ எண் நூத்து முப்பது மச்சான். நாப்பது லாரி, மழை, ராத்திரி வெளிச்சம், எது வந்தாலும் நூத்திருபதுக்குக் கீழ இறங்கல. ரோடு வெண்ணெயா வழுக்குது. சனிக்கிழமை தனியா ரெண்டு மணிநேரம் ஓட்டிப் பார்த்து, பலகையைத் தொடச்சு, நாளைக்கு மச்சானுக்குக் காட்டுறேன்னு லெஸ்யாகிட்ட சொன்னேன். மறுநாள் அந்தப் பாலம்.

இங்கதான் நான் உண்மையைச் சொல்லணும். முதல் மூணு தடவை பொட்டி மேல பழி போட்டேன். இப்போ பொட்டியில குறையே இல்ல. நான் ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், கை ஸ்டீயரிங் மேலதான் இருந்துச்சு, நீ ரெண்டு வண்டி நீளம் தள்ளித்தான் போனே. அப்புறம் நீ என் மூக்குக்கு முன்னாடி இருக்கே. நடுவுல ரெண்டு நொடி இருந்திருக்கணுமே, அது எனக்கு இல்ல. எங்க போச்சு அந்த ரெண்டு நொடி? அன்னிக்குப் பெட்ரோல் பங்குலயும் இப்படித்தான், கையில கோப்பை இருந்துச்சு, அப்புறம் தரை இருந்துச்சு. நேத்து ராத்திரி இதை லெஸ்யாகிட்ட சொன்னேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா. காலையில எழுந்ததும் டாக்டருக்குப் போன் பண்ணி வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிட்டா. எனக்குப் பயமா இருக்கு மச்சான், உன்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம். அந்த டாக்டர் சரியாத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு போல.

ஆகவே நாலாவது இடிக்கும் முழுப் பொறுப்பையும் ஏற்று, தங்களிடமும், தங்கள் நாலு டிரெய்லரிடமும், அந்தப் பாய்மரப் படகிடமும் மனமார மன்னிப்புக் கோரி, வடக்குச் சக்கரங்கள் சங்கத்திலிருந்து இன்றோடு விலகிக்கொள்கிறேன். பலகையை ஆணியிலிருந்து கழற்றிவிட்டேன். புதுப் பொட்டியைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஓட்டத் தெரிந்தவர் கையில் இருக்கட்டும். ஸ்லாவ்கா அக்காவுக்கு என் வணக்கம். நாய்க்கு என் அன்பு, தூரத்திலிருந்து. இந்த வருஷம் உன் தோட்டத்து உருளைக்கிழங்கு நல்லா விளையணும், உன் முழங்கால் வலி குறையணும், வினிபெக் டீம் ஜெயிக்கணும்.

என்றும் அன்புடன்,
ஓரெஸ்ட் மெல்னிச்சுக்

நகல்: திருமதி டோரீன், பாதுகாப்பு அதிகாரி (தொலைநகல் மூலம், இன்று காலையே)

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கை நீட்டின நேரத்துல போன் வந்துச்சு. டோரீன் அம்மா. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்ஸுங்களைப் பரிசோதனை பண்ண மனுஷி, ஒரு டிரைவர் விலகுறேன்னா நாலு இடியோட பதிவையும் போட்டுப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டாங்களாம். "ஓரெஸ்ட், உக்காந்திருக்கீங்களா? உங்க வண்டி நாலு தடவையும் நூல் புடிச்ச மாதிரி வருது. வாசில் வண்டிதான் நடுரோட்டுல ரெண்டு நொடி அப்படியே நிக்குது. நாலு தடவையும். நாலு தடவையும் 'கோல்'னு கத்தினதுக்கு அப்புறம்." எனக்கு ஒண்ணும் புரியல. உன் பொட்டி திக்கி நின்னா, எங்க எல்லார் திரையிலயும் உன் வண்டி நின்ன இடத்துலயே நிக்குமாமே? டோரீன் அம்மா அதோட விடல, உன் வீட்டுக்கே போன் போட்டு ஸ்லாவ்கா அக்காவைக் கேட்டிருக்காங்க. அக்கா சொன்னது அப்படியே: "அவரா? ஒரு பக்கம் ஹாக்கி ஓடும், கோல் விழுந்தா உடனே அதை மறுபடி போட்டுப் பார்ப்பாரு, இன்னொரு பக்கம் பழைய டிராக்டர் ஏலம், அப்புறம் நாப்பத்தோரு ஊரு வானிலை, அத்தனையும் கேம் ஓடுற அதே பொட்டியில. ரேமா? வாங்கினப்போ போட்ட ஒரே பட்டைதான். எட்டு ஜிபி. கேமுக்கு அது தாராளம்னு அவர்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரே."

அட பாவி மச்சான்! அந்த ரெண்டு நொடி உன்கிட்ட இருந்திருக்கு! நான் ராத்திரி பூரா என் மண்டைக்குள்ள தேடிக்கிட்டிருக்கேன்! லெஸ்யா முதல்ல அழுதா, அப்புறம் சிரிச்சா, அப்புறம் உன்னைத் திட்டினா, அதை எழுதினா தபால்காரர் வாங்க மாட்டாரு. டாக்டர் நேரத்தை மட்டும் ரத்து பண்ண மாட்டேங்குறா, சும்மா போயிட்டு வாங்கங்குறா, போயிட்டு வரேன். பலகை ஆணிக்குப் போயாச்சு. விலகலை வாபஸ் வாங்கியாச்சு. புதுப் பொட்டியும் உனக்குக் கிடையாது. நிலவறைக்குப் போய் என் பழைய பொட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன், பாவம் அது, மெதுவா ஓடுச்சே தவிர ஒரு நாளும் நின்னதில்ல. வியாழக்கிழமை லெஸ்யா அதை முன் சீட்டுல பெல்ட் போட்டு உக்கார வச்சு யார்க்டனுக்கு ஓட்டிட்டு வர்றா. அதுல ரெண்டு பட்டை ரேம் இருக்கு, ரெண்டாவது பள்ளத்துல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு, நோண்டாதே. ஹாக்கியை டிவியில பாரு. ஞாயித்துக்கிழமையிலிருந்து நான் முன்னாடி, நீ பின்னாடி.

அப்புறம், ஏழாம் விதிப்படி நீ எனக்கு நாலு கடிதம் எழுதணும், கைப்பட, தனித்தனியா. என்ன எழுதுறதுன்னு முழிக்காதே. இதைக் கிழிக்காம அனுப்புறதே அதுக்குத்தான். மேலே இருக்கிறதை அப்படியே பார்த்து நாலு தடவை எழுது, கையெழுத்துப் போடுற இடத்துல மட்டும் உன் பேரைப் போடு.